ஏஆர்-15 கைப்பிடிக்குள்ளும் ஸ்டாக்குக்குள்ளும் என்ன வைப்பது? முதல்முறை வாங்கியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் முதல்முதலாக ரைஃபிள் வாங்கும் பலர் ஏஆர்-15 வகையைத்தான் எடுக்கிறார்கள். அதன் பிஸ்டல் கிரிப் உள்ளே கூடாக இருப்பது சிலருக்கு மாதக்கணக்கில் தெரிவதே இல்லை. தெரிந்த அன்றே நேர்மாறான கூத்து ஆரம்பிக்கும். தீக்குச்சி, தூண்டில் முள், மடித்த இருபது டாலர் நோட்டு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும்.

என் கணக்கு எளிது. ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) சுட்டுக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி நின்றுபோனால், அந்த இடத்திலேயே அதைத் திரும்ப ஓடவைக்கும் பொருள் மட்டும் உள்ளே இருக்கலாம். மற்றவற்றுக்குப் பை இருக்கிறது.

படி 1: குண்டை வெளியே எடுங்கள், பிறகு மூடியைத் திறங்கள்

மேகசினைக் கழற்றுங்கள். தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேசையில் ஒரு தோட்டாகூட இருக்க வேண்டாம். கைப்பிடியின் அடியில்தானே வேலை, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் அடிமூடியைத் திறக்க துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்புவோம், குழல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் கவனிப்பதில்லை.

படி 2: உங்களிடம் எந்த மாதிரி கூடு இருக்கிறது?

மேக்புல் நிறுவனத்தின் எம்ஓஇ போன்ற கிரிப்புகளில் அடியில் ஒரு மூடி இருக்கும். எண்ணெய்ப் புட்டி, பேட்டரி, போல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் அளவாக வார்த்த செருகிகளைத் தனியாக விற்கிறார்கள். ராணுவ பாணி ஏ2 கிரிப்பும் கூடுதான், ஆனால் அதற்கு மூடி கிடையாது. அடைப்பான் தனியாக வாங்க வேண்டும்.

நீளம் மாறாத ஏ2 ஸ்டாக்கின் (தோளில் ஊன்றும் பின்கட்டையின்) பின்தகட்டில் சிறு கதவு இருக்கும். மேலே, பின்னுக்கு வரும் போல்ட்டைத் தாங்கித் திருப்பும் ஸ்பிரிங் இருக்கும் பஃபர் குழாய் ஓடுகிறது, அதற்குக் கீழே இருக்கும் இடம் உங்களுடையது. முன்னும் பின்னும் நகரும் சாதாரண எம்4 பாணி ஸ்டாக்கில் இடமே இல்லை. ஆனால் இருபுறமும் பேட்டரிக் குழாய்கள் வைத்த நகரும் ஸ்டாக்குகள் உண்டு. இண்டியானா மாநிலத்தின் கிரேன் என்ற ஊரில் இருக்கும் கடற்படை ஆயுத மையத்தில் பிறந்த வடிவம் அது. இன்றும் அதை ‘கிரேன் ஸ்டாக்’ என்றே சொல்கிறார்கள்.

ஏகே-47 வகை வைத்திருப்பவர்களுக்கு யோசனையே தேவையில்லை. மர ஸ்டாக்கின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் மூடியை விரலால் அழுத்தினால் ஒரு உலோகக் குப்பி வெளியே வரும். பிரஷ், துணி கோக்கும் முனை, திருப்புளி எல்லாம் அதற்குள் இருக்கும், காலியான குப்பியே துடைப்புக்கம்பிக்குக் கைப்பிடியாகவும் ஆகும். கம்பி குழலுக்கு அடியில் செருகியிருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், அதைவிட நல்ல ஏற்பாடு நமக்குத் தோன்றப் போவதில்லை.

கொஞ்சம் பழைய கதை

இந்தக் காலி இடத்தில் எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் அடிபட்டபின்தான் முடிவு செய்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பென்சில்வேனியா நீள் ரைஃபிள்களில் கட்டையின் வலப்பக்கம் பித்தளை மூடி போட்ட பள்ளம் இருந்தது. குண்டைச் சுற்றும் கொழுப்புத் தடவிய துணியை அதில் வைத்தார்கள். 1870களில் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்களில் (குட்டை ரைஃபிள்களில்) செம்புத் தோட்டாக் கூடு சேம்பருக்குள் சிக்கிக்கொள்வது பெரிய தலைவலி. 1877 மாடல் கார்பைனில் கட்டையைக் குடைந்து, மூன்று துண்டுத் துடைப்புக்கம்பியையும், தலை அறுந்த கூட்டை வெளியே இழுக்கும் சிறு கருவியையும் உள்ளே வைத்தார்கள்.

ஏஆர்-15இன் சொந்தக் கதை இன்னும் கசப்பு. வியட்நாமுக்கு முதலில் போன, அதன் ராணுவ வடிவமான எம்16 ரைஃபிள்களோடு போதுமான துடைப்புச் சாமான் போகவில்லை. இதற்குச் சுத்தம் செய்யும் வேலையே அதிகம் இல்லை என்ற பேச்சு வேறு. வெடிமருந்தின் வகையையும் மாற்றினார்கள், சேம்பருக்குக் குரோம் பூச்சும் இல்லை. சண்டை நடுவே துப்பாக்கிகள் சிக்கின, வீரர்கள் செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. முதலில் வந்த ஸ்டாக்கில் கதவே கிடையாது. துடைப்புச் சாமான் வைக்கும் கதவு அதன்பிறகு வந்த ஸ்டாக்குகளில்தான் இடம்பெற்றது.

இடையில் ஒரு வேடிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ஷார்ப்ஸ் கார்பைன்கள் சிலவற்றின் கட்டையில் கைப்பிடியோடு ஒரு சிறு அரவை எந்திரம் பொருத்தியிருக்கிறார்கள். காபிக்கொட்டை அரைக்கத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. சோதித்துப் பார்த்தவர்கள், அதில் காபி சரியாக அரைபடவில்லை, தானியம் உடைக்க வைத்ததாக இருக்கலாம் என்கிறார்கள். காபி பிரியர்கள் ஏற்கவில்லை!

நம்மூரில் என்.சி.சி.யில் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள் பிடித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பட் தகட்டின் மூடியைத் திறந்தால் பித்தளை எண்ணெய்க் குப்பியும் குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் புல்-த்ரூ கயிறும் இருக்கும். கயிற்றில் கோக்க, 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் வெட்டிய துணி. அதைச் ‘சிந்தி’ என்போம். அந்த லீ என்ஃபீல்டு பட் தகட்டையே பிறகு இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

படி 3: எது முதலில் கெடும் என்று எழுதிப் பாருங்கள்

ஏஆர்-15 ரேஞ்சில் மக்கர் செய்தால் முதலில் கேட்பது எண்ணெய். போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் போல்ட் கேரியர் காய்ந்திருந்தால் ஓட்டம் மந்தமாகும். நாலு சொட்டு விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) பேட்டரி. அதற்கடுத்தவை சின்னச் சின்னச் சாமான்கள்: சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங், போல்ட்டின் மூன்று கேஸ் (வாயு) வளையங்கள், தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் பிளவு ஊசி. அந்த ஊசி உடைவதைவிடத் தொலைவதுதான் அதிகம். புல்தரையில் விழுந்தால் கிடைக்காது.

கேஸ் வளையம் தேய்ந்ததா என்று பார்க்க வழி உண்டு. போல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, போல்ட்டின் முகம் மேசையில் படும்படி கேரியரை நிமிர்த்தி வையுங்கள். கேரியர் தன் கனத்தில் கீழே இறங்கிவிட்டால் வளையத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

படி 4: கிரிப்பை நிரப்புங்கள்

எதையும் வைக்கும் முன் உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு திருகாணி தெரியும். கிரிப்பை ரிசீவரோடு (துப்பாக்கியின் நடு உடலோடு) பிடித்திருப்பது அதுதான், இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். சேஃப்டி நெம்பான செலக்டரின் சிறு ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்குவதும் இந்த கிரிப்தான். திருகாணி தளர்ந்தால் சேஃப்டியும் தளரும். காரணமில்லாமல் அதைக் கழற்றாதீர்கள், ஸ்பிரிங் எங்கேயாவது தெறித்து ஓடும்.

கிரிப்பில் எண்ணெய் வைப்பதுதான் ஊர் வழக்கம். நான் அதற்கு எதிர்க்கட்சி. மூடி கசிந்தால் எண்ணெய் நேரே உள்ளங்கைக்கு வரும். கிரிப்பில் பேட்டரியையும் சிறு சாமான்களையும் வையுங்கள், எண்ணெய் ஸ்டாக்குக்குப் போகட்டும்.

பேட்டரி உங்கள் குறிபார்க்கும் கருவிக்குப் பொருந்த வேண்டும். ஏம்பாயிண்ட் டி-2, டிரிஜிகான் ஆர்எம்ஆர் போன்றவற்றுக்கு நாணய வடிவ சிஆர் 2032. இயோடெக் எக்ஸ்பிஎஸ் வகைக்கு சிஆர் 123, அதே நிறுவனத்தின் 512க்கு சாதாரண ஏஏ. ஏஏ என்றால் ஆல்கலைன் வேண்டாம், கசிந்து பூத்துவிடும். லித்தியமே வாங்குங்கள். நாணய பேட்டரியை அட்டையிலிருந்து பிரிக்காமல், அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி, வாங்கிய வருடத்தை எழுதி உள்ளே வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை, விழுங்கிய நாணய பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

ஊசி, வளையம், ஸ்பிரிங் மூன்றையும் ஒரு சின்ன ஜிப் பைக்குள் ஒரு சொட்டு எண்ணெயோடு போடுங்கள். முழு போல்ட்டையே வைக்க ஆசைப்பட்டால் தனிச் செருகி தேவை. அந்த போல்ட்டை உங்கள் குழலோடு ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி சரியா என்று காட்டும் அளவி) வைத்துப் பார்த்து, சில குண்டுகள் சுட்டும் பார்த்தபிறகே உள்ளே போட வேண்டும். சோதிக்காத போல்ட் வெறும் கனம்தான்.

படி 5: ஸ்டாக்கை நிரப்புங்கள்

ஏ2 ஸ்டாக் இருந்தால் வசதியானவர் நீங்கள். துண்டு துண்டான துடைப்புக்கம்பி, குழல் பிரஷ், சேம்பர் பிரஷ், வெட்டிய துணி, 15 மில்லி சிஎல்பி (துடைக்கவும் மசகிடவும் துருவைத் தடுக்கவும் ஒரே எண்ணெய்) புட்டி எல்லாம் அடங்கும். கம்பிக்குப் பதில் 5.56 மி.மீ. குழலுக்கான ‘போர் ஸ்னேக்’ என்ற இழுத்துத் துடைக்கும் கயிறு வைத்தால் இடம் மிச்சம். ஆனால் குழலில் ஏதாவது சிக்கினால் கயிறு உதவாது, தள்ளிவிடக் கம்பிதான் வேண்டும். எனவே என் ஓட்டு கம்பிக்கு.

புட்டியைத் தனி ஜிப் பையில் போட்டு, மூடி மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். கரைப்பான் வேண்டாம். சில வகைக் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும், அந்த வேலை வீட்டு மேசையிலேயே நடக்கட்டும். ஏ2 பின்தகட்டின் மேல் திருகாணியில் ஒரு துளை இருக்கும். பஃபர் குழாய்க்குள் போன தண்ணீர் வடியும் வழி அது, அடைத்துவிடாதீர்கள்.

படி 6: குலுக்கிப் பாருங்கள்

மூடியபின் துப்பாக்கியைக் காதருகே குலுக்குங்கள். சலங்கை மாதிரி சத்தம் வந்தால் இடைவெளிகளில் துடைக்கும் துணியையே திணியுங்கள், சத்தமும் போகும், துணியும் கூடுதலாகக் கிடைக்கும். ஓரத்தில் ஒரு ஜோடி நுரைக் காதடைப்பான் செருகினாலும் நல்லதே. பிறகு ரேஞ்சில் ஒரு சுற்று சுட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். புட்டி கசியுமென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தோட்டா வைக்கலாமா?

கேட்காதவர் இல்லை. உயிர்காப்பு ரைஃபிள்களில் அப்படி உண்டு. அமெரிக்க விமானப்படையின் எம்6 மடிப்புத் துப்பாக்கியின் ஸ்டாக்கில் 9 சிறு தோட்டாவும் 4 ஷாட்கன் தோட்டாவும் நிற்கும். அது விழுந்த விமானி வேட்டையாடிச் சாப்பிட. உங்கள் ஏஆருக்கு அந்தத் தேவை இல்லை. ‘காலி’ என்று சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்த துப்பாக்கியின் ஸ்டாக்கிலிருந்து தோட்டா உருண்டால், அதற்குப்பின் நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

படி 7: விமானம் ஏறும் முன் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

அமெரிக்காவுக்குள் பறக்கும்போது துப்பாக்கி குண்டு நீக்கப்பட்டு, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் அறிவித்து, செக்-இன் லக்கேஜில் மட்டுமே போகும். போல்ட், ஃபயரிங் பின் போன்ற பாகங்களும் அப்படித்தான், கைப்பையில் வரக்கூடாது. கருவியில் பொருத்தாத உதிரி லித்தியம் பேட்டரிக்கு விதி நேர் எதிர்: செக்-இன்னில் போகக்கூடாது, கைப்பையில்தான் வரவேண்டும். ஆக, கிரிப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பேட்டரியும் போல்ட் சாமானும் விமான நிலையத்தில் வெவ்வேறு வழியில் பிரிய வேண்டும். பேட்டரி முனையில் டேப் ஒட்டிக் கைப்பையில் போடுங்கள். துடைக்கும் கரைப்பானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெட்டியைப் பூட்டும் முன் கிரிப் மூடி, ஸ்டாக் கதவு இரண்டையும் இன்னொருமுறை திறந்து பாருங்கள்.