ஹேமக் கட்டும் நாடாவும் கயிறும்: தேர்வில் நடக்கும் தவறுகள்

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கிற துணித் தூளியான ஹேமக்கை வாங்கும்போது துணியைத் தடவிப் பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம், கையில் தூக்கி எடை பார்க்கிறோம். அதை மரத்தோடு கட்டுகிற சமாச்சாரம் மட்டும் பையில் கூட வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன். முதல் முகாமில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிப் படுத்தவன், நடு இரவில் முதுகில் ஏதோ உறுத்துகிறதே என்று கீழே கைவிட்டுப் பார்த்தால், வேர்! ஹேமக் இறங்கி இறங்கி மண்ணைத் தொட்டிருந்தது. எதுவும் அறுந்துபோகவில்லை, முடிச்சும் அவிழவில்லை. கட்டியது நைலான் கயிறு, அன்றைக்கு லேசான தூறல். அவ்வளவுதான் நடந்தது.

நைலான் பலமான பொருள்தான். ஆனால் பளு ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். மலையேறுகிறவருக்கு அந்தக் குணம் உயிர் காக்கும். விழும்போது கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எட்டு மணி நேரம் அசையாமல் தொங்கித் தூங்க வேண்டியவருக்கு அதே குணம் தொல்லை. பாலியஸ்டர் நாடா அதிகம் நீளாது, தண்ணீரையும் அவ்வளவாகக் குடிக்காது. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். டைனீமா என்கிற செயற்கை இழையில் பின்னிய கயிறு கிட்டத்தட்ட நீளவே நீளாது, 2.8 மில்லிமீட்டர் தடிமனில் 700 கிலோ அளவுக்குத் தாங்கும். கேட்டதும் ஆசை வரும். ஆனால் அது வழுவழுப்பான கயிறு, வழக்கமான முடிச்சுகள் அதில் நழுவும். 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகியும்விடும், அதனால் கயிறோடு கயிறு வேகமாக உரசும் இடங்களில் கவனம் வேண்டும். அதில் முடிச்சு போடுவதைவிட, கயிற்றின் முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னுவதுதான் முறை.

சரி, பொருளைப் பார்த்து வாங்கியாயிற்று. அடுத்த தவறைச் செய்வது கயிறு இல்லை, கை. ஹேமக் கட்டில் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, இரு பக்கமும் பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டுகிறோம். மட்டமாகக் கட்டக் கட்ட, கயிற்றில் ஏறும் இழுவை கண்மண் தெரியாமல் கூடும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் மரத்துக்கு ஏறினால், ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் விழுவது 80 கிலோ. 15 டிகிரியாக்கினால் ஏறக்குறைய 155 கிலோ. 10 டிகிரியில் 230. 5 டிகிரிக்கு இழுத்தால் 460 கிலோ, ஒரு பக்கத்துக்கு மட்டும்! அதே ஆள், அதே கயிறு, அதே மரம்தான். தொப்பென்று உட்கார்ந்தால் அந்த நொடியில் இதற்கும் மேலே போகும்.

இவ்வளவு பாடுபட்டு இழுத்துக் கட்டினால் சுகமாவது கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. இழுத்துக் கட்டிய துணி இரு தோளையும் நெருக்கும், புரண்டால் கவிழ்த்துவிடும். நன்றாகத் தொய்ய விட்டு, நீளவாக்கில் படுக்காமல் குறுக்குச் சாய்வாகப் படுத்தால்தான் முதுகு மட்டமாகும். தொய்வு குறைந்தால் மட்டமாகும் என்பது கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. முதுகு சொல்லும் கணக்கு வேறு.

30 டிகிரியை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். குழந்தைகள் துப்பாக்கி காட்டுவதுபோல ஆட்காட்டி விரலைத் தரைக்கு இணையாக நீட்டி, கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கிற கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, உங்கள் நாடாவும் ஏறக்குறைய அவ்வளவு சாய்ந்திருந்தால் போதும்.

ஒவ்வொரு இடத்திலும் இப்படி அளந்துகொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ரிட்ஜ்லைன் போட்டுக்கொள்ளலாம். ஹேமக்கின் இரண்டு முனைகளையும் தலைக்கு மேலே இணைக்கும், நீளம் மாறாத மெல்லிய கயிறு அது. ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது பலரும் தொடங்குகிற அளவு. 335 சென்டிமீட்டர் ஹேமக் என்றால் 278 சென்டிமீட்டர். மரங்களின் இடைவெளி மாறினாலும் தொய்வு மாறாது. படுத்தபடியே அந்தக் கயிற்றை இரு விரலால் பிடித்து வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் சரி. வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றால், நாடாவை மறுபடியும் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள்.

அப்புறம், எவ்வளவு எடை தாங்கும் என்று நாடாவின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண். அது எந்த எண் என்று பார்க்காமல் வாங்குவது பெரிய தவறு. அறுந்துபோகும் எடை வேறு, அன்றாடம் ஏற்றக்கூடிய எடை வேறு. அறுந்துபோகும் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. சிலர் இரண்டு நாடாவுக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டிருப்பார்கள், அதையும் கவனியுங்கள். போதாக்குறைக்கு, கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தால் அதன் பலம் பாதிவரைகூடக் குறையலாம். 400 கிலோ கயிறு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது, முடிச்சுக்குப் பிறகு 200 கிலோ கயிறாக இருக்கலாம்.

கொக்கியும் இதே கதைதான். சாவிக்கொத்தில் மாட்டுகிற காரபினரும் பளு தாங்குகிற காரபினரும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பளு தாங்குவதில் கிலோநியூட்டன் கணக்கில் எண் பொறித்திருக்கும். 12 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 1,200 கிலோ. எண் எதுவும் இல்லையா? சாவிக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மரத்துக்கு வருவோம். மெல்லிய கயிற்றை நேராக மரத்தில் சுற்றுவது நிறையப் பேர் செய்வது. மரப்பட்டைக்குச் சற்று உள்ளேதான் மரம் வளர்கிற உயிருள்ள அடுக்கு இருக்கிறது. ஒல்லிக் கயிறு பளுவோடு ஆடும்போது பட்டையை அறுத்து அதுவரை போய்விடும். அதனால் மரத்தைச் சுற்றுகிற பகுதி எப்போதும் அகலமான நாடாவாக இருக்கட்டும். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலம். பட்டை மெல்லியதாக இருந்தால் 5 சென்டிமீட்டர். டைனீமா கயிறு வைத்திருப்பவர்களும் நாடாவுக்கும் ஹேமக்குக்கும் நடுவில்தான் அதைப் போட வேண்டும். உயிருள்ள, 15 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள மரமாகப் பாருங்கள். கட்டும் முன் அண்ணாந்தும் பாருங்கள், பட்டுப்போன கிளை தலைக்கு மேல் இருக்கக் கூடாது. செங்கல் தூண் பக்கம் போகவே போகாதீர்கள். மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் இழுத்தால் அப்படியே சரிந்து படுத்திருப்பவர் மேலேயே விழும். அப்படி உயிர்களே போயிருக்கின்றன.

நாடாவின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடுவதற்கும் மரம்தான் காரணம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தை ஒரு சுற்று சுற்றவே 1.26 மீட்டர் நாடா போய்விடும். மரங்களுக்கு நடுவே 5 மீட்டர், ஹேமக்கின் முனைக்கு முனை 2.8 மீட்டர் என்றால், ஒரு பக்கத்தில் மிஞ்சுவது 1.1 மீட்டர், சாய்வாக ஏறுவதால் அது 1.27 ஆகும். மொத்தம் இரண்டரை மீட்டர் ஆச்சு, 3 மீட்டர் நாடா தாராளம். அதே இடைவெளியில் 60 சென்டிமீட்டர் மரம் நின்றால் சுற்றுவதற்கே 1.88 மீட்டர் வேண்டும். 3 மீட்டர் நாடா எட்டாது, இருட்டுகிற நேரத்தில் வேறு மரம் தேடி அலைய வேண்டியதுதான்.

எந்த வகையை வாங்குவது என்பதில் நான் பார்க்கிற பொதுவான தவறு, எடை குறைந்ததற்கு முதல் நாளே தாவுவது. வூப்பி ஸ்லிங் என்கிற சுருங்கி நீளும் கயிறு உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அதை ஓர் அளவுக்குமேல் சுருக்க முடியாது. மரங்கள் நெருக்கமாக நின்றால் ஹேமக் தரையில்தான். நாடாவையே முடிச்சாகப் போட்டு நிறுத்தும் முறை இன்னும் லேசு, பழக்கம் வேண்டும். வரிசையாகக் கண்ணி தைத்த டெய்சி செயின் நாடா கனமானது, பையில் இடம் அடைக்கும், கண்ணிக்குக் கண்ணிதான் அளவு மாற்றலாம், நடுவில் நிறுத்த முடியாது. இருந்தாலும் புதியவர் அதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். விரல் விறைத்துப்போன குளிரில், நெற்றி விளக்கின் பேட்டரி தீர்ந்த நேரத்தில்கூட, ஒரு கண்ணியில் கொக்கியை மாட்டத் தெரிந்தால் போதும்.

நடுவழி வேண்டுமானால் பக்கிள். நாடாவை இழுத்தால் இறுகும், பக்கிளைச் சாய்த்தால் இளகும். ஆனால் பக்கிளும் நாடாவும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். அகலம் சரியாக இருந்தும் நாடா மெலிதாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பக்கிளைத் தாண்டித் தொங்கும் நாடாவில் இழுத்தால் அவிழ்கிற ஓர் அரைமுடிச்சு போட்டுவைத்தால் கவலை இல்லை.

மழையை எல்லாரும் தலைக்கு மேல்தான் தேடுகிறார்கள். அது நாடா வழியாகவும் வரும். மரத்தில் வழியும் தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி நேராகப் படுக்கைக்கு வந்து சேரும். கூரைத்துணிக்கு உள்ளே, ஹேமக்கின் முனைக்குச் சற்று முன்னால், நாடாவில் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும். நாடா பக்கிளைத் தாண்டித் தொங்கினால் அதன் வாலே நூலின் வேலையைச் செய்யும்.

கட்டி முடித்ததும் நேராக ஏறிப் படுக்காதீர்கள். கையால் அழுத்துங்கள், பிறகு தரையில் கால் ஊன்றியபடி பாதி எடையைக் கொடுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். நாடா மரத்தில் சறுக்கி இறுகும் சத்தம் கேட்டால் எழுந்து மறுபடியும் சரிசெய்யுங்கள். உட்கார்ந்த நிலையில் நாற்காலி உயரம், அதாவது தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால் ஏறவும் இறங்கவும் வசதி. அதற்குமேல் உயர்த்துகிறவர்கள், விழுந்தால் எதன்மேல் விழுவோம் என்று கீழே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கல்லும் கட்டைக்குச்சியும் இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டுப் படுங்கள்.