சாலைக்குப் புதுப் பூச்சு போடும்போது பிடிமானத்தைக் கெடுக்கும் தவறுகள்

சாலை கன்னங்கரேலென்று பளபளத்தால் நல்ல வேலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. டயரைப் பிடித்து நிறுத்துவது தார் அல்ல, கல். ஜல்லியை விரலால் தடவினால் தெரியும் நுண்ணிய சொரசொரப்பு ஈரத்திலும் டயரைப் பிடிக்கும். கற்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள், வேகமாகப் போகும் டயருக்கு அடியிலிருந்து மழைநீர் வெளியேற வழிவிடும். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடித்தளம் கெடாமலிருக்க முன்கூட்டியே தார் ஊற்றி ஜல்லி தூவிப் போடும் பூச்சு, ஒழுங்காக அமைந்தால் இந்த இரண்டையும் மீட்டுத் தரும். தப்பினால் இரண்டையும் மூடிவிடும்.

மூடிவிடுவது பெரும்பாலும் அதிகப்படியான தார். சாலைக்குப் பயன்படும் வி.ஜி. 30 ரகத் தாரின் இளகுநிலை, அதாவது தார் இளகும் வெப்பநிலை, குறைந்தது 47 டிகிரி செல்சியஸ் என்பது இந்தியத் தரம். சித்திரை வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில், கூடுதலாக ஊற்றிய தார் சக்கரத் தடங்களில் மேலே கசிந்து, கல்லையே மறைத்துவிடும். மழை பெய்தால் அந்தத் தடம்தான் வழுக்கும். கசிந்த இடத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு பூச்சு போடுவது வீண். அடியிலிருக்கும் தார் மறுபடி மேலே வரும்.

அளந்து பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. இதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம். உலர்ந்த சாலையில் 25 மில்லி சன்னமான, சீரான மணலைக் கொட்டி, தட்டையான வட்டால் சுழற்றிச் சுழற்றி, இனி பரவாது என்னும் வரை வட்டமாகப் பரப்புங்கள். வட்டத்தின் குறுக்களவு 18 செ.மீ. என்றால் பள்ளங்களின் சராசரி ஆழம் சுமார் 1 மி.மீ. அதே மணல் 25 செ.மீ. வரை பரவினால் ஆழம் அரை மி.மீ. தான். பூச்சுக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து குறித்து வைத்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். மீதிப் பாதி கல்லின் சொரசொரப்பு. அதை ஈரச் சாலையில், ரப்பர் பொருத்திய ஊசல் சாலையை உரசிப் போகும் ஊசல் கருவியால்தான் அளக்க வேண்டும்.

கல்லை உறுதி ஒன்றை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சுண்ணாம்புக்கல் வண்டிகள் ஓட ஓடச் சீக்கிரம் வழவழப்பாகிவிடும். எவ்வளவு தேய்ந்தாலும் சொரசொரப்பு எந்த அளவுக்கு மிஞ்சும் என்பதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஜல்லியில் தூசி படிந்திருந்தாலும் தார் பிடிக்காது, கல் பெயர்ந்து வந்துவிடும்.

விரிசலை அடைக்கும்போது அகலமாகப் பூசிவிடுவதை யாரும் கண்டுகொள்வதில்லை. காருக்கு அது பெரிதில்லை. வளைவில் சாய்ந்து வரும் பைக்குக்கு, ஈரத்தில், அந்தக் கறுப்புப் பட்டை ஆபத்து. விரிசலுக்குள் மட்டும் நிரப்பி, மேலே வழிந்ததை வழித்தெடுத்துவிட வேண்டும்.

அப்புறம், வேலை முடிந்த கையோடு சாலையைத் திறந்துவிடும் அவசரம். தூவிய ஜல்லியில் ஒட்டாத கற்களைப் பெருக்கி அள்ளும் வரை இரு சக்கர வண்டிகள் சறுக்கும். பெருக்கி முடிக்கும் மட்டும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் கொடி பிடிக்க ஒரு ஆளும் அங்கேயே இருக்கட்டும்.