‘80 விழுக்காடு பரம்பரை’: ஆய்வுச் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும், ஆய்வுச் செய்திகளைத் தமிழில் எழுதப் பழகும் ஏழெட்டு இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். வேலந்தாவளத்திலிருந்தும் கோவிந்தாபுரத்திலிருந்தும் பேருந்து ஏறி வரும் இவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். எலியிடம் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது, சேர்ந்து நிகழ்வதெல்லாம் காரணமாகிவிடாது என்பன எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மக்கள்தொகைக்குரிய எண்ணை ஒருவருடைய தலையெழுத்தாக எழுதுவது

முன்பு ஒரு சிற்றிதழில், “மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) 80 விழுக்காடு பரம்பரையாக வருகிறது” என்று எழுதினேன். சில மாதங்கள் கழித்து, வண்ணாமடைப் பக்கம் ஒரு கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு அந்த நோய் இருப்பது தெரிய வந்தபோது, பெண்ணின் பெரியப்பா என் கட்டுரையின் நறுக்கைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சபையில் படித்துக் காட்டியிருக்கிறார். நிச்சயதார்த்தம் நின்றுபோனது. இரு வீட்டாரையும் அறிந்த ஒருவர் இதை என்னிடம் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. ‘நீங்கள் எழுதினால் சரியாகத்தானே இருக்கும்’ என்ற நம்பிக்கைதான் இருந்தது. போன மாதம் ஒரு மாணவியின் தாளில் அதே வாக்கியத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், மறுபடியும் பார்த்தேன்.

இரட்டையர் ஆய்வுகள் இந்நோய்க்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்ற எண்ணைத் தருவது உண்மை. ஆய்வாளர்கள் ‘ஹெரிட்டபிலிட்டி’ என்று அழைக்கும் அந்த எண், ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கைக்கு ஐந்து விரல் என்று தீர்மானிப்பவை மரபணுக்களே. ஆனால் விரல் குறைந்தவர்களில் பெரும்பாலோர் கரும்பு ஆட்டும் எந்திரத்திலோ கதிரடிக்கும் எந்திரத்திலோ அதை இழந்தவர்கள் என்றால், அவ்வூரில் விரல் எண்ணிக்கையின் ஹெரிட்டபிலிட்டி சுழியை ஒட்டியே இருக்கும். அளக்கப்பட்ட மக்களும் அளந்த முறையும் மாறினால் எண்ணும் மாறும். 2009-இல் வெளியான சுவீடன் குடும்பப் பதிவேட்டு ஆய்வில் இதே நோய்க்குக் கிடைத்தது 64 விழுக்காடு.

அந்தப் பெரியப்பாவுக்குத் தேவைப்பட்ட எண் வேறு. ஐரோப்பியக் குடும்ப ஆய்வுகளைத் தொகுத்த கணக்கின்படி, வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும், நோயாளியின் மருமகன் முறையில் இருப்பவர்களில் நூற்றுக்கு நால்வருக்கும், உடன்பிறந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் உண்டு. ஒரே கருவில் உருவான இரட்டையர்களிடம்கூட அது 48-ஐத் தாண்டவில்லை. ‘நூற்றுக்கு நால்வர்’ என்று நான் எழுதியிருந்தால் அந்த நறுக்கு சட்டைப்பைக்குள் போயிருக்காது.

எல்லைப்புறத்தில் இப்படித் தவறாக எழுத இன்னொரு வழியும் உண்டு. செய்தியை முதலில் மலையாள நாளிதழில் படித்துவிட்டு எழுதுபவர்கள், அங்கே மரபுவழியைக் குறிக்கும் ‘பாரம்பர்யம்’ என்ற சொல்லை அப்படியே இறக்கி, ‘பாரம்பரிய நோய்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் அது பாரம்பரிய வைத்தியம், பாரம்பரிய நெல் ஆகியவற்றோடு போய் உட்கார்ந்துகொள்கிறது.

பரிணாமத்துக்கு நோக்கம் கற்பிப்பது

“மலேரியாவை எதிர்ப்பதற்காக உடல் அரிவாள் செல்லை உருவாக்கியது” என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் அரிவாள் செல் சோகையோடு வாழும் பழங்குடிக் குடும்பங்கள் நமக்கு அயலார் அல்லர். நீலகிரி மக்களிடம் இக்கூறு இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. மரபணுவில் நேரும் திடீர் மாற்றம் எந்தத் தேவையையும் பார்த்து நிகழ்வதில்லை. மாறிய அந்த மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் மலேரியாவில் குறைவாக இறந்து, அதிகப் பிள்ளைகளை விட்டுச்சென்றதால் அது பரவியது; இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் நோயாளியானார்கள். அவ்வாக்கியத்தில் ‘எதிர்ப்பதற்காக’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, யார் பிழைத்தார் என்று எழுதச் சொன்னேன்.

‘மனச்சோர்வு மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிடுவது

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 847 பேரைப் பின்தொடர்ந்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு, செரட்டோனின் கடத்தி மரபணுவின் (மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் மரபணு) குட்டை வடிவம் கொண்டவர்களிடம் வாழ்க்கை நெருக்கடிகள் மனச்சோர்வைக் கூடுதலாக உண்டாக்குவதாகச் சொன்னது. இப்படிப் புகழ்பெற்ற 18 மரபணுக்களைப் பல லட்சம் பேரின் தரவில் 2019-இல் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் மேலாக இல்லை. மனச்சிதைவுக்கு 76,755 நோயாளிகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வு காட்டிய மரபணுத்தொகுதிப் பகுதிகள் 287. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

இரண்டு லித்தியத்தைக் குழப்புவது

1949-இல் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் பித்துநிலை நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்ததும், 2019 நோபல் பரிசு பெற்ற மின்கல ஆய்வுகளில் உள்ளதும் ஒரே தனிமம்தான். ஆனால் மருந்தின் கதை வேறு, மின்கலத்தின் கதை வேறு; இரண்டையும் ஒரே பத்தியில் சேர்க்காதீர்கள்.

‘99.9 விழுக்காடு’ என்றவுடன் மயங்குவது

மின்கலச் செய்திகளில் ‘கூலும் திறன் 99.9 விழுக்காடு’ என்று வரும்; ஏற்றிய மின்னூட்டத்தில் இறக்கும்போது திரும்பக் கிடைக்கும் பங்கே கூலும் திறன். எழுதுபவர் உடனே ‘கிட்டத்தட்ட முழுமை’ என்று சேர்த்துவிடுவார். உபரி லித்தியம் இல்லாத கலத்தில், ஒவ்வொரு முறை மின்னேற்றி இறக்கும்போதும் ஆயிரத்தில் ஒரு பங்கு தொலைகிறது என்பதே இதன் பொருள். அப்படி எழுதிய மாணவரைக் கைபேசியில் 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கிப் பார்க்கச் சொன்னேன், 0.37 வந்தது. ஆயிரம் சுற்று முடிவில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

செய்தியாளர் கூட்டத்தை நம்பி எழுதுவது

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில், பல்லேடியம் மின்முனையும் கனநீரும் கொண்ட கண்ணாடிக் கலத்தில், சூரியனுக்குள் நடப்பது போன்ற அணுக்கரு இணைவு நிகழ்ந்ததாக ஃபிளெய்ஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார்கள். ஃபிளெய்ஷ்மன் மின்வேதியியலில் பெரும் பெயர். ஆனாலும் மற்ற ஆய்வகங்களால் அதை உறுதிப்படுத்த முடியவில்லை.