வெண்டை, பரங்கி இலையில் வெள்ளை மாவு: சாம்பல் நோயைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்துவது எப்படி?

மார்கழி, தை வந்தால் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கத் தோட்டங்களில் வெண்டை இலை மாவு தூவியது போல வெளுக்கும். கீழே வேலூர் மாடித் தோட்டத்திலும் இதே கதைதான். உடனே உரக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் இலையைப் பாருங்கள்.

1. விரலால் தேயுங்கள். சாம்பல் நோய் என்றால் வெள்ளை விரலில் வந்துவிடும், அடியில் பச்சை தெரியும். பரங்கி இலையில் நரம்பை ஒட்டி இயல்பாகவே வெள்ளித் திட்டுகள் இருக்கும். அவை தேய்த்தாலும் போகாது. அதை நோய் என்று நினைத்து நானே ஒரு கொடியில் பாதி இலையைக் கிள்ளிப் போட்டிருக்கிறேன். பிசுபிசு என்று ஒட்டினால் அது மாவுப்பூச்சி, வேறு வைத்தியம்.

2. வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மைக்ரோஸ்கோப் இருந்தால் இதைச் செய்யுங்கள். செல்லோ டேப்பை வெள்ளைத் திட்டில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன் மேல் ஒட்டுங்கள். சாம்பல் நோய் ஒரு பூஞ்சை. 400 மடங்கில் பார்த்தால் அதன் நீள்வட்ட வித்துகள் தெரியும். சில இடத்தில் பாசிமணி கோத்தது போல வரிசையாகவே நிற்கும்.

இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில் மட்டுமே பிழைக்கும். உடம்பு இலைக்கு வெளியே கிடக்கும். உறிஞ்சிகளை மட்டும் மேல்தோல் செல்லுக்குள் இறக்கிச் சாற்றை எடுக்கும். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு இலை நனைந்திருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை, காற்றில் ஈரம் இருந்தாலே போதும். அடைமழை இதைக் கழுவிவிடும். அதனால்தான் மழை ஓய்ந்து, இரவில் குளிரும் பகலில் வெயிலும் மாறி மாறி வரும்போது மலையில் இது கொடிகட்டிப் பறக்கிறது.

3. அடியிலுள்ள வெளுத்த முதிர் இலைகளைக் கிள்ளி நேராகப் பைக்குள் போடுங்கள், உதறாதீர்கள். செடிகளுக்கு நடுவே காற்று போகட்டும். யூரியாவைக் குறையுங்கள்.

4. ஆரம்ப நிலையா? ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காலை வெயிலில் இலையின் இருபுறமும் வாரம் ஒருமுறை தெளியுங்கள். பரவிவிட்டால் நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம். முகத்தை மூடிக்கொள்ளுங்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். பரங்கி, பூசணி வகைக்குக் கந்தகம் சில சமயம் ஒத்துக்கொள்ளாது. ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதற்கு அடியுங்கள்.

5. தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளில், கழுத்துப் பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளியோடு குட்டி வண்டு இருக்கிறதா? அதை நசுக்காதீர்கள். அதுவும் அதன் புழுவும் தின்பது இந்தப் பூஞ்சையைத்தான். அது மேய்ந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியும். அந்தச் செடிக்கு நான் கந்தகம் அடிப்பதில்லை.