ஓய்வுக்காலக் குடியிருப்பில் நீச்சல் குளத்தை நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் முறை

ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளில் நீச்சல் குளத்தைப் பற்றி எழும் சச்சரவுகளுக்கு இடப்பற்றாக்குறை காரணமாக இருப்பது அரிது. காலை ஏழு மணிக்கு நிற்கவும் இடமில்லாத அதே குளம் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆளில்லாமல் கிடக்கும். எல்லாரும் ஒரே வேளையில், ஒரே மூலையில், ஒன்றோடொன்று ஒத்துவராத காரியங்களுக்காக வந்து கூடுவதே சிக்கல். எனவே, மணி நேரங்களைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் சங்க நிர்வாகிகள் சில வாரங்களிலேயே ஏமாந்துபோகிறார்கள். வேளையை மாற்றிக்கொள்ள முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று பிரித்தறிந்து, முடியாதவருக்கு முதலில் இடம் ஒதுக்குவதே இங்கே நியாயமான பங்கீடு. பின்வரும் யோசனைகள் எல்லாம் இந்த அடிப்படையிலிருந்தே பிறக்கின்றன.

விதி எழுதும் முன் எண்ணிப் பாருங்கள்

முதல் வேலையாக, இரண்டு வாரங்களுக்கு அரை மணிக்கு ஒரு முறை குளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதைப் பதிவேட்டில் குறித்துவர ஏற்பாடு செய்யுங்கள். கரைக்குக் கரை நீந்துபவர், தண்ணீரில் நடப்பவர், குழுவாக உடற்பயிற்சி செய்பவர், இயன்முறை மருத்துவர் சொன்ன பயிற்சியைத் தனியாகச் செய்பவர், கழுத்தளவு நீரில் நின்று பேசிக்கொண்டிருப்பவர் என ஐந்து வகைகள் போதும். பெயர்கள் தேவையில்லை, பெயர் எழுதினால் பதிவேடு குற்றப்பட்டியலாகிவிடும். பேசிக்கொண்டிருப்பவர்களை ஒரு தனி வகையாகவே எண்ணுங்கள், ஏனெனில் தனித்து வாழும் முதியவர் பலருக்கு அன்றைய நாளின் முதல் உரையாடல் அங்கேதான் நடக்கிறது. அதை வெட்டிப்பொழுது என்று ஒதுக்குவது சரியல்ல.

இந்தக் கணக்கு ஒரு பாதியை மட்டுமே காட்டும். மறுபாதி, குளத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களிடம் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் உரக்கப் பேசுபவர்கள் பெரும்பாலும் தமக்குப் பிடித்த வேளையில் ஏற்கெனவே வந்துபோகிறவர்கள்தாம். கூட்டத்துக்கு அஞ்சியோ, படியில் இறங்க முடியாமலோ, தண்ணீரின் குளிர்ச்சி தாங்காமலோ ஒதுங்கிப்போனவர்கள் அங்கே வாய் திறப்பதில்லை. ஆகவே வீடு வீடாக ஒரு சிறு கேள்வித்தாளைக் கொடுத்து, நேரில் சென்றும் விசாரியுங்கள். “நீங்கள் ஏன் வருவதில்லை?” என்பதைவிட “எது மாறினால் வருவீர்கள்?” என்று கேட்பது பயன்படக்கூடிய பதிலைத் தரும்.

மாற்றக்கூடிய தேவையும் மாற்ற முடியாத தேவையும்

கிடைத்த பதில்களை இரண்டாகப் பிரியுங்கள். உதவியாளர் ஒருவர் வரும் நேரத்தில் மட்டுமே தண்ணீரில் இறங்கக்கூடியவர், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் டயாலிசிஸுக்குச் செல்பவர், நோயுற்ற துணையைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் மட்டும் வெளியே வரக்கூடியவர், வெயில் படக்கூடாத மருந்துகளை உட்கொள்வதால் திறந்தவெளிக் குளத்தில் நண்பகலைத் தவிர்க்க வேண்டியவர் ஆகியோரின் தேவைகள் மாற்ற முடியாதவை. அழற்சி வகை மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு எழுந்தவுடன் மூட்டுகள் இறுகியிருப்பதால், விடியற்காலை வகுப்பு அவர்களுக்குப் பொருந்தாமல் போகக்கூடும். ஆனால் “நாற்பது ஆண்டுகளாக நான் ஆறு மணிக்குத்தான் நீந்துவேன்” என்பது பழக்கம். பழக்கத்துக்கும் மதிப்புக் கொடுக்கலாம், ஆனால் வரிசையில் அது இரண்டாவதாக நிற்க வேண்டும். மாற்ற முடியாத தேவை என்று சொல்பவரிடம் மருத்துவச் சான்று கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. அண்டை வீட்டாருக்குத் தன் நோயை நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலை வந்தால், மெய்யாகவே தேவை உள்ளவர்தான் முதலில் விலகிப்போவார்.

நேரத்தைப் பிரிக்கும் முன் இடத்தைப் பிரியுங்கள்

குளத்தை ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குழுவுக்கு முழுமையாகக் கொடுத்துவிடுவது எளிய வழிபோலத் தோன்றினாலும், அது பெரிய வீண். நான்கு பேர் நீந்துவதற்காக முப்பது பேரைக் கரையில் நிறுத்தக் கூடாது. பெரும்பாலான குடியிருப்புக் குளங்களில் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, இரண்டு முதல் இரண்டரை மீட்டர் அகலத்தில், மிதவைக் கயிறு கட்டி ஒரு நீச்சல் தடத்தை நாள் முழுவதும் ஒதுக்கிவைக்க முடியும். எஞ்சிய பகுதியில் ஆழம் குறைந்த பாதி நடப்பவர்களுக்கும் பயிற்சி செய்பவர்களுக்கும் உரியது. கைகளை முழுவதுமாக வீசிச் செய்யும் குழுப் பயிற்சிக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 சதுர மீட்டர் வேண்டும். வகுப்பில் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை இந்த அளவைக் கொண்டு முடிவு செய்தால், வகுப்பு மெல்ல மெல்ல விரிந்து குளம் முழுவதையும் விழுங்கிவிடுவதைத் தடுக்கலாம்.

ஒரே ஒரு விதியை மட்டும்தான் உங்கள் குடியிருப்பு ஏற்றுக்கொள்ளும் என்றால், இறங்குபடியையும் கைப்பிடியையும் மறிக்கக் கூடாது என்பதே அந்த விதியாக இருக்கட்டும். பேசி நிற்பவர்களுக்கு மிகவும் வசதியான இடம் படியோரமே. தளர்ந்த காலுடன் இறங்குபவருக்கு இருக்கும் ஒரே வழியும் அதுவே. இருவர் அங்கே சாய்ந்து நின்றாலும், மூன்றாமவர் “சற்று நகருங்கள்” என்று கேட்கக் கூச்சப்பட்டு வீடு திரும்பிவிடுவார். படியைச் சுற்றி இரண்டு மீட்டர் இடத்தைத் தரையில் வேறு நிறத்தால் குறித்து, பேசுவதற்கென்று சுவரோரமாக வேறொரு மூலையைக் காட்டிவிடுங்கள். குளத்தில் இறங்க உதவும் தூக்கு நாற்காலி இருந்தால், அதைச் சுற்றியும் இதே ஏற்பாடு வேண்டும். அதன் மின்கலம் நாள்தோறும் மின்னேற்றப்படுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

நீச்சல் தடத்தில் இருவர் இருந்தால் ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றாமவர் வந்ததும் அனைவரும் ஒரே சுற்றுத் திசையில் நீந்த வேண்டும். வேகமாக நீந்துபவர் பின்னால் நெருங்கினால், மெதுவாக நீந்துபவர் சுவரைத் தொடும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். இளைஞர்கள் நீந்தும் குளங்களில் பேச்சிலேயே முடிந்துவிடும் இந்த ஒழுங்கு இங்கே கூடுதல் கவனம் கேட்கிறது. தண்ணீரில் இறங்குவோர் பலர் காது கேட்கும் கருவியையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவைத்துவிடுவதால், கூப்பிட்டுச் சொல்வது காதில் விழாது, சிறிய எழுத்துப் பலகை கண்ணுக்குத் தெரியாது. “திமிரோடு ஒதுங்க மறுத்தார்” என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இப்படிப் பிறப்பதே. ஆகவே, தடத்தில் புதிதாக நுழைபவர் சுவரோரம் காத்திருந்து, நீந்துபவர் தன்னைப் பார்த்துக் கைகாட்டிய பிறகே நீந்தத் தொடங்க வேண்டும் என்பதை எழுதிவையுங்கள். பலகையின் எழுத்து, கண்ணாடி அணியாமல் எதிர்க்கரையிலிருந்தும் படிக்கக்கூடிய அளவில் இருக்கட்டும்.

நெரிசல் வேளைகள்

இடத்தைப் பிரித்த பிறகும் தீராத நெரிசலுக்கு மட்டுமே நேர அட்டவணை தேவைப்படும். மாற்ற முடியாத தேவை உள்ளவர்களின் நேரங்களை முதலில் அட்டவணையில் நிரப்புங்கள். எஞ்சும் நல்ல வேளைகளை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை குழுக்களிடையே சுழற்சியாக மாற்றுங்கள். முதல் சுற்றில் எது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் நிர்வாகியின் நட்பு வட்டத்தின் மீது பழி விழாது. முன்பதிவு வேண்டுமென்றால் கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பாதீர்கள். தொலைபேசியிலும் குளத்தருகே உள்ள ஏட்டிலும் பதிவு செய்ய வழி இருக்க வேண்டும், மூன்றுக்கும் இடங்கள் ஒரே கணக்கிலிருந்து போக வேண்டும். பதிவு செய்தவர் பத்து நிமிடத்துக்குள் வராவிட்டால் இடம் காத்திருப்பவருக்குச் சேரும். துண்டு விரித்துச் சாய்வு நாற்காலியைப் பிடித்துவைப்பதற்கும் அரை மணி என்று ஒரு வரம்பு போதும்.

இசையோடு நடக்கும் பயிற்சி வகுப்பு பிறருக்கு இடைஞ்சல் என்ற புகார் எங்கும் உண்டு. வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் சில நாட்கள் இசையுடனும் மற்ற நாட்கள் இசையின்றியும் நடத்தலாம். வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பு என்றால், பராமரிப்புச் செலவை எல்லா வீட்டாரும் ஏற்பதால், குளத்தின் பாதிக்கு மேல் அதற்கு ஒதுக்குவது நியாயமாகாது.

தண்ணீரின் வெப்பம்

இந்த ஒரு பூசலை நேரத்தாலும் இடத்தாலும் பிரிக்க முடியாது, ஏனெனில் ஒரு குளத்து நீரின் வெப்பம் மணிக்கு மணி மாறுவதில்லை. போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. மூட்டுவலி உள்ளவர்கள் மெதுவாகப் பயிற்சி செய்ய 29 டிகிரிக்கு மேல் வேண்டும். மருத்துவப் பயிற்சிக்கென்றே கட்டப்படும் குளங்களில் 33 டிகிரிக்கு மேலும் வைக்கிறார்கள். பொதுக்குளத்தில் 29 டிகிரியைச் சுற்றி நிலைநிறுத்துவதே என் பரிந்துரை. வெதுவெதுப்பில் விரைவு நீச்சல்காரர் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குளிரில் மூட்டு இறுகியவருக்குச் செய்துகொள்ள ஒன்றுமில்லை. வெப்பம் கூடினால் குளோரின் விரைவில் குறையும், எரிபொருள் செலவும் ஏறும் என்பதைக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். வெப்ப இழப்பில் பெரும்பங்கு நீர் ஆவியாவதால் ஏற்படுவது. இரவில் குளத்தை உறையிட்டு மூடினால் செலவில் கணிசமான பகுதி மிச்சமாகும்.

அருகில் வெந்நீர்த் தொட்டி இருந்தால் அதன் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒருவர் ஒரு முறை 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி காத்திருப்பவருக்கும் இடம் தருகிறது, இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர் எழும்போது தலைசுற்றி விழும் அபாயத்தையும் குறைக்கிறது.

பேரக்குழந்தைகளும் விருந்தினரும்

குழந்தைகள் வரலாமா என்ற கேள்வியில் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி உண்டு, பேரன் வந்திருக்கும் வாரத்தில் கட்சி மாறுவதும் உண்டு. முழுத்தடை வேண்டாம், பிற்பகலில் நிலையான இரண்டு மணி நேரமும், பள்ளி விடுமுறையில் சற்றுக் கூடுதலாகவும் ஒதுக்குங்கள், ஒரு வீட்டுக்கு எத்தனை விருந்தினர் என்பதற்கு உச்சவரம்பு வையுங்கள், குழந்தைகளோடு அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். வயதைக் காரணம் காட்டி நேரம் பிரிப்பதைச் சில நாடுகளின் குடியிருப்புச் சட்டங்கள் கட்டுப்படுத்துவதால், இந்தப் பகுதியை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு நிறைவேற்றுங்கள்.

தூய்மை விதிகளைக் குழந்தைகளுக்கென்று தனியாக எழுதாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் எவரும் குளத்தில் இறங்கக் கூடாது, நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுத்திருப்பது பாதுகாப்பு, ஏனெனில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். கழிவை அடக்க இயலாத நிலை குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பொது. அதற்கான நீச்சல் உள்ளாடை விதியும் பொதுவாக இருந்தால் யாருடைய மானமும் போகாது. இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நனைவதையும் எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள். கண்ணை எரிக்கும் அந்தக் கடும் நெடி குளோரின் மிகுதியால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உருவாகும் குளோரமின்களே அதற்குக் காரணம்.

விதி மீறப்படும்போது

புகாரைக் கேட்க ஒருவரை நியமித்து, அவர் பெயரைப் பலகையில் எழுதுங்கள். நீந்திக்கொண்டிருக்கும்போது அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கண்டிக்கும் வழக்கம் அத்தோடு நிற்க வேண்டும். முதல் மீறலுக்கு அவர் தண்ணீருக்கு வெளியே, தனியாகப் பேசட்டும். ஒரே விதியை ஒருவர் மீண்டும் மீண்டும் மறக்கிறார் என்றால், அதை அடாவடி என்று முடிவு கட்டும் முன் மறதிநோயின் தொடக்கமோ என்று எண்ணிப் பாருங்கள். அப்படியானவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தால் பயனில்லை. வழக்கமாக வரும் அண்டை வீட்டார் ஒருவர் உடன் வர ஒப்புக்கொண்டால் அவர் குளத்தை இழக்காமல் இருப்பார், தனியாக நீந்தும் ஆபத்தும் நீங்கும். இடி முழங்கினால் கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் விலக்கே இல்லை.

விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். மூன்று மாதச் சோதனை என்று அறிவித்துத் தொடங்குங்கள். மூன்றாம் மாத இறுதியில் மறுபடியும் இரண்டு வாரப் பதிவேடு எடுத்து, பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். புகார்கள் குறைந்திருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், சலித்துப்போனவர்களும் புகார் சொல்வதில்லை. உதவியாளரோடு வருபவர்கள், முன்பு ஒதுங்கியிருந்தவர்கள் ஆகியோரின் வருகை கூடவில்லை என்றால், எல்லாரும் அமைதியாக இருந்தாலும் அட்டவணையைத் திருத்தி எழுதுங்கள்.