பாடுவதும் டிரம்பெட் ஊதுவதும் ஒருவரே என்றால்: ஜாஸ் ஆல்பத்தைப் பதிவு செய்யும் முறை

வேலையைத் தொடங்கும் முன், டிரம்பெட் ஊதிக்கொண்டே பாடகராகவும் விளங்கிய அமெரிக்க ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் 'செட் பேக்கர் சிங்ஸ்' ஆல்பத்தை முழுக்கக் கேளுங்கள். 1954இல் 8 பாடல்களோடு வந்தது. 1956இல் மேலும் 6 சேர்ந்தன. பின்னணியில் பெரும்பாலும் பியானோ, பாஸ், டிரம்ஸ்தான். பாட்டிலும் ஊதலிலும் அதே அடங்கிய தொனி, அதே மூச்சு. எவ்வளவு நல்ல மைக் வாங்கினாலும் இந்த ஒற்றுமை தானாக வராது. அதனால் சோலோவை (டிரம்பெட்டின் தனி வாசிப்பை) முதலில் வாயால் பாடிப் பாருங்கள். பாட வராத வரியை ஊத வேண்டாம்.

சுருதியைக் குரல்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பி-ஃபிளாட் டிரம்பெட்டில் எழுதிய சுரத்தைவிட ஒரு முழுச் சுரம் கீழேதான் ஒலி வரும். பியானோ ஈ மேஜரில் வாசித்தால் உங்கள் இசைத்தாளில் எஃப்-ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி). விரல் தடுமாறும். பாடலை அரைச் சுரம் இறக்கி ஈ-ஃபிளாட்டில் வைத்தால் உங்களுக்கு எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கும் குறி). குரலுக்கு அரைச் சுர வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது.

அடுத்தது நீளம். நிமிடத்துக்கு 60 தாள அடி வேகத்தில், பாருக்கு (ஒரு தாளக் கட்டுக்கு) 4 அடியாக, 32 பார் கொண்ட ஒரு சுற்று 2 நிமிடம் 8 விநாடி ஓடும். மெதுவான பாட்டில் இரண்டு சுற்றையும் குரலாலேயே நிரப்பினால் கேட்பவர் சோர்ந்துவிடுவார். ஒரு சுற்று முழுக்கப் பாடுங்கள். அடுத்த சுற்றின் முதல் 16 பார் டிரம்பெட்டுக்கு, மீதி 16 மறுபடி குரலுக்கு. மொத்தம் 64 பார், ஏறக்குறைய நாலே கால் நிமிடம். அதுவும் நீளம் என்று பட்டால் குரல் திரும்புவதைக் கடைசி 8 பாருக்குச் சுருக்குங்கள். சோலோவை 15ஆம் பாரிலேயே முடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒரு பார்தான் கருவியை இறக்கி மூச்செடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம். அதை விட்டால் முதல் சொல் இரைப்போடு வரும்.

குரலுக்கும் டிரம்பெட்டுக்கும் தனித்தனி மைக் வையுங்கள். ஒரே மைக்கில் இரண்டையும் எடுத்தால், மென்குரலுக்கு ஏற்றி வைத்த கெயினில் (உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவில்) டிரம்பெட் நுழைந்ததும் ஒலி உடையும். உடைந்ததை, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் ஒட்டாது. குரல் மைக் வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ., சற்றே பக்கவாட்டில். டிரம்பெட் மைக், கருவியின் விரிந்த வாயான மணியிலிருந்து 60 முதல் 90 செ.மீ., மணியின் நேர்க்கோட்டைவிட்டு விலகி. ரிப்பன் மைக் (மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிப்பது) டிரம்பெட்டின் கூர்மையை அழகாகத் தணிக்கும். ஆனால் அது பின்பக்கத்தையும் கேட்கும். டிரம்ஸை அதன் முதுகுக்கு நேரே நிறுத்தாதீர்கள்.

பாடும்போது டிரம்பெட் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். சோலோவுக்கு இரண்டு பார் முன்பு, ஓசையில்லாமல் உள்ளே வெதுவெதுப்பான மூச்சை விடுங்கள். ஹார்மன் மியூட் (மணிக்குள் செருகும் உலோக அடைப்பான்) போட்டால் நேர்மாறாகச் சுருதி ஏறும்; டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்கும் இழுகுழாயை) கொஞ்சம் வெளியே இழுத்துப் பியானோவோடு ஒத்துப் பாருங்கள்.

நாளின் வரிசையும் முக்கியம். மென்மையான பாடல்களை முதலில் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் உச்சத்தில் ஊதிய உதடு வீங்கி, 'ப', 'ம' எழுத்துகளில் குழறும், தொண்டையும் இறுகியிருக்கும்.