காயம் மேக்கப் பழக ஜெலட்டினைத் திரும்ப உருக்குங்கள்

கல்லூரியில் மேக்கப் படிப்பவர்கள் காயம், தழும்பு, தீப்புண் பழக ஒவ்வொரு முறையும் விலை கொடுத்து ரெடிமேட் மெழுகு வாங்க வேண்டாம். தருமபுரியில் கேக் சாமான் விற்கும் கடையில் ஜெலட்டின் தூளும், மருந்துக்கடையில் கிளிசரினும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் தண்ணீரோடு சம அளவு கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் தட்டில் ஊற்றினால் தோல் போன்ற வில்லை கிடைக்கும். சரியாக வரவில்லையா? மறுபடி உருக்கி ஊற்றுங்கள்.

ஜெலட்டின் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். அதனால்தான் ஒரே கலவை பலமுறை உதவுகிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வில்லை சீக்கிரம் காய்ந்து சுருங்காது.

ஒருவர் முகத்தில் ஒட்டியதை இன்னொருவருக்கு உருக்கித் தராதீர்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விடிய விடிய வியர்க்க ஆடும் தெருக்கூத்துக்கும் சித்திரை வெயிலில் நடக்கும் படப்பிடிப்புக்கும் இது ஆகாது, உருகி வழிந்துவிடும், அங்கே சூட்டில் உருகாத சிலிக்கோன்தான். அப்புறம், ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவது. பூசிக்கொள்பவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.